கம்பெனி போன் வீட்டுக்குள் வந்தால்: சில பயனுள்ள குறிப்புகள்

திருவட்டாறு பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். பலர் கையில் இரண்டு போன் இருக்கும். ஒன்று சொந்தம், இன்னொன்று கம்பெனி கொடுத்தது. மகளிர் குழு லோன் வசூலுக்குக் குலசேகரம் பக்கம் கிளம்பும் பையன், மார்த்தாண்டம் மருந்து ரெப், பார்சல் டெலிவரிக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், அங்கன்வாடி டீச்சர் என்று ஆளுக்கொரு வேலை. முன்பு ரப்பர் தோட்டத்துக் கங்காணி சாயங்காலமானால் தன் வீட்டுக்குப் போய்விடுவார். இந்தக் கங்காணியோ நம் சட்டைப்பையில் ஏறி நம் வீட்டுக்கே வந்து, சார்ஜரை மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிறார்.

தான் வாங்கிக் கொடுத்த போனில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று முதலாளி பார்ப்பது குற்றமல்ல. சொல்லிவிட்டுப் பார்க்கிறாரா, ஒளிந்து பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. வேலையைப் பார்க்கும் சாக்கில் வீட்டையும் பார்க்கிறாரா என்பது அடுத்த கேள்வி. அந்தப் போனைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும், ஊரில் சின்னதாகக் கடை வைத்து நாலு பேருக்குப் போன் வாங்கிக் கொடுத்திருப்பவர்களுக்குமாக இந்தக் குறிப்புகள்.

1. போன் யாருடையது, சிம் யார் பேரில் இருக்கிறது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். போனும் சிம்மும் கம்பெனியுடையவை என்றால் ஒரு கணக்கு. சொந்தப் போனில் கம்பெனி ஆப் என்றால் வேறு கணக்கு. மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் வில்லங்கம்: "உன் ஆதாரைக் கொடுத்து ஒரு சிம் எடுத்திரு, கம்பெனி ரீசார்ஜ் பண்ணும்" என்பார்கள். வேலையை விட்டபிறகு அந்த சிம் வேறொருவர் கைக்குப் போகும்; அதில் என்ன நடந்தாலும் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். உங்கள் பேரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடலாம். வேண்டாததைத் துண்டிக்கவும் அங்கேயே கேட்கலாம்.

2. நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். லெட்டர் பேடெல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப் போதும். "சார், எனக்குத் தந்த போன்ல லொகேஷன், கால் ரெக்கார்டிங், ஸ்கிரீன், இதுல எதெல்லாம் பதிவாகுது? எத்தனை மணி வரைக்கும்? யாரு பாப்பாங்க? வேலைய விட்டா எப்ப அழிப்பீங்க?" என்று பணிவாகக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. பதில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தப் போனில் வையுங்கள். பதில் வராவிட்டால், கேட்டதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

3. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் நீட்ட முடியும். அங்கன்வாடி டீச்சருக்கு அது நேராக உதவும், தனியார் கம்பெனி ஊழியருக்கு அவ்வளவு நேராக உதவாது.

தனியாருக்கும் பொருந்துவது 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே வாக்கில்தான் அமலுக்கு வரும். சம்மதம் கேட்டுத் தகவல் வாங்குகிற நிறுவனம், எதற்காக வாங்குகிறோம் என்று விளக்க வேண்டும்; அந்த விளக்கத்தைத் தமிழில் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. இது நல்ல செய்தி. மற்றதையும் சொல்லிவிடுகிறேன்: வேலை சம்பந்தப்பட்ட தேவைக்காகவும், நிறுவனத்துக்கு இழப்பு வராமல் காத்துக்கொள்வதற்காகவும் ஊழியரின் தகவலைச் சம்மதமில்லாமலே கையாள இதே சட்டத்தின் 7வது பிரிவு இடம் கொடுக்கிறது. கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. ஆனாலும் 'வேலைக்காக' என்ற வார்த்தை அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்தோடு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நிற்பது எந்த வேலைக்காக என்று கேட்க அந்த ஒரு வார்த்தை போதும்.

4. போனையே கேட்டால் பாதி விஷயத்தை அது சொல்லிவிடும். ஆண்ட்ராய்டு போனில் லாக் ஸ்கிரீனிலோ செட்டிங்ஸிலோ "இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது" என்ற தோரணையில் ஒரு வரி இருந்தால், ஆப் ஏற்றுவது, எடுப்பது, மொத்தமாக அழிப்பது எல்லாம் கம்பெனியின் கையில் என்று அர்த்தம். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' போய்ப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய போன்களில் மைக்கோ கேமராவோ ஓடும்போது மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். ஐபோனில் கேமராவுக்குப் பச்சை, மைக்குக்கு ஆரஞ்சு. நீங்கள் எதையும் தொடாதபோது அந்தப் புள்ளி எரிந்தால் எந்த ஆப் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் நீங்களாக ஆப்பை அழித்துவிடாதீர்கள். "கம்பெனி சொத்தைச் சேதப்படுத்தினான்" என்று கதை திரும்பிவிடும்.

5. கம்பெனி நம்பரை ஆதாரிலும் பேங்கிலும் பிஎஃப்பிலும் கொடுக்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். புதுப் போன் கிடைத்த சந்தோஷத்தில் எல்லா இடத்திலும் புது நம்பரை எழுதிவிடுவது நம் வழக்கம். கேஸ் புக்கிங், பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, யுபிஐ, பிஎஃப்பின் யுஏஎன் எல்லாம் அந்த நம்பரில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலையை விடுகிற அன்று சிம்மைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிஎஃப் பணம் எடுக்கப் போனால் ஓடிபி பழைய கம்பெனிக்குப் போகும்; அந்த நம்பரை மாற்றலாம் என்றால் அதற்கும் ஓடிபி கேட்கும். ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைக்க வேண்டியிருக்கலாம். சம்பளப் பாக்கிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் பேங்க் மெசேஜ் எல்லாம் அந்த ஆபீஸ் மேசை டிராயரில் வந்து விழும் என்றால் யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், வேலையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகச் சொந்த நம்பருக்கு மாற்றிவிடுங்கள். ஆதாரை முதலில் மாற்றினால் மற்றவை எளிதாக நடக்கும்.

6. கம்பெனி போனைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மாமாவின் பெரிய போன் என்று கேம் விளையாட வாங்கும் குழந்தை எதையாவது இன்ஸ்டால் செய்துவிட்டால் கணக்குச் சொல்ல வேண்டியது மாமாதான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பும் அதில் வேண்டாம். குரூப்பில் வரும் கல்யாணப் படங்கள் தானாகப் போனில் இறங்கும். பேக்கப் கம்பெனி மெயில் கணக்கில் இருந்தால் மைனியின் வளைகாப்புப் படம் முதல் பாட்டியின் ஸ்கேன் ரிப்போர்ட் வரை அங்கே போய்ச் சேரும். இன்னொரு நாள் கம்பெனி தூரத்தில் இருந்தே போனைத் துடைத்துவிட்டால் அத்தனையும் போயிற்று.

7. லொகேஷன் விஷயத்தில் நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். வேலை நேரத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிவது நிறுவனத்துக்குத் தேவைதான். ராத்திரியில் ஆக்சிடென்ட் என்றால் நமக்கும் அது உதவும். ஷிஃப்ட் முடிந்தபிறகும் ஓடினால்தான் தகராறு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த மிர்னா அரியாஸ் என்ற பெண், வேலை நேரத்துக்கு அப்பாலும் தன்னைப் பின்தொடர்ந்த ஆப்பைப் போனிலிருந்து அழித்தார். வேலை போயிற்று, 2015ல் வழக்குப் போட்டார். வேலை நேரத்தில் பார்ப்பதை அவர் எதிர்க்கவில்லை, வேலை முடிந்தபிறகும் பார்ப்பதைத்தான் எதிர்த்தார் என்பது கவனிக்க வேண்டிய இடம்.

வசூல் வேலையில் இருப்பவர்களுக்குக் கையிலேயே ஒரு நல்ல வாதம் இருக்கிறது. சிறுகடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. கடன்காரரைக் கூப்பிடவே கூடாத நேரத்தில், வசூலிக்கிற பையன் எங்கே இருக்கிறான் என்று பார்க்க என்ன வேலைத் தேவை இருக்க முடியும்? மீட்டிங்கில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

8. ஜிபிஎஸ் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. சின்ன டைரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ரப்பர் விளைகளுக்குள் இலை மூடிக் கிடக்கும். அங்கே சாட்டிலைட் சிக்னல் தடுமாறும். பேச்சிப்பாறைப் பக்கம் போனால் டவரே கிடைக்காத இடமும் உண்டு. களியக்காவிளையில் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு "எல்லை தாண்டிவிட்டார்" என்று காட்டலாம். உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு நடந்தது இது. மழைக்குப் பயந்து மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைத் திண்ணையில் ஒதுங்கி நின்றிருக்கிறான். ஆபீஸிலிருந்து போன்: "டூரிஸ்ட் ஸ்பாட்ல என்ன வேலை?" மழை என்றான். "இங்க மழை இல்லையே" என்றார் மேனேஜர். அவர் இருந்தது வேறு மாவட்டம்! "மணி 2.40, மாத்தூர், மழை, 25 நிமிஷம்" என்று டைரியில் ஒரு வரி எழுதி, நனைந்த ரோட்டை ஒரு படமும் எடுத்து வைத்திருந்ததால் அரைநாள் சம்பளம் தப்பியது.

9. கம்பெனி போனில் வீட்டு விஷயம் பேசாதீர்கள். கால் தானாகப் பதிவாகும் ஆப் இருந்தால் உங்கள் குரல் மட்டுமல்ல, மறுமுனையில் இருக்கும் அம்மாவின் குரலும் பதிவாகிறது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர், வக்கீல், சங்கத்துத் தோழர், வேறு வேலைக்கான இன்டர்வியூ எல்லாம் சொந்தப் போனில்தான். வீட்டிலிருந்து கூப்பிடுபவர்களும் கம்பெனி நம்பரை 'அவசரத்துக்கு' என்று மட்டும் சேமித்து வைத்துக்கொள்ளட்டும்.

போன் பேச்சை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் எந்தத் தனியார் முதலாளிக்கும் கிடையாது. அரசுக்கே பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்கள் இருந்தால்தான் முடியும். 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு தொழிலதிபரின் போனை ஒட்டுக்கேட்கப் போட்ட உத்தரவை, 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தது இந்த அடிப்படையில்தான். லஞ்சக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்று சொல்லியும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

10. அட்டெண்டன்ஸ் செல்ஃபியை வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுங்கள். காலையில் அவசரமாக எடுக்கும்போது பின்னால் கட்டிலும் கொடித்துணியும் குளித்துவிட்டு வரும் தங்கச்சியும் விழுந்துவிடுவார்கள். படத்தோடு வீட்டு லொகேஷனும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். பெண் ஊழியர்களின் படத்தை மேனேஜர் தன் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடலாம். ஆபீஸ் ஆப் எதற்கு இருக்கிறது? இதோடு இன்னொன்று: ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டை ஓர் ஆண் வேவு பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவில் குற்றம்.

11. சொந்தப் போனில் கம்பெனி ஆப் போடச் சொன்னால் 'ஒர்க் புரொஃபைல்' கேளுங்கள். ஆண்ட்ராய்டில் இது ஒரு தனி அறை மாதிரி. அதற்குள் உள்ள ஆப்களில் சின்னப் பெட்டிச் சின்னம் இருக்கும். அந்த அறைக்குள் நடப்பது கம்பெனிக்குத் தெரியும், வெளியே உங்கள் படங்களும் மெசேஜ்களும் தெரியாது. மாலையில் அந்த அறையை மட்டும் பூட்டிவைக்கவும் வசதி உண்டு. அது முடியாது என்கிற கம்பெனியானால் ஆப் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். வருகைப் பதிவு ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு? கடன் கொடுக்கும் ஆப்களே வாடிக்கையாளரின் கான்டாக்ட், கால் லாக், ஃபைல்களைத் தொடக்கூடாது என்று 2022ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

12. கணவரோ மனைவியோ எங்கே இருக்கிறார் என்று ஆபீஸில் கேட்காதீர்கள். "மேடம், அவர் இப்ப குழித்துறையில நிக்கிறாரு" என்று ஒரு ஆபீஸ் பையன் சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு நடக்காது. ஆபீஸும் அதைச் சொல்லக்கூடாது. மனைவியின் கால் விவரங்களைக் கணவர் எடுத்துக் கோர்ட்டில் கொடுத்த வழக்கில், தம்பதிகளுக்கிடையிலும் அந்தரங்கம் உண்டு என்று 2024 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சைக் குடும்ப வழக்கில் சாட்சியமாகக் கொள்ளலாம் என்றது. கோர்ட் வரை போவதற்கு முன்னால் நேரில் கேட்டுவிடுவது செலவில்லாத வழி.

13. வளைகுடாவில் இருப்பவர்கள் இன்னும் கவனம். நம் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இல்லை. "மேனேஜர் பேசினதை ரகசியமா ரெக்கார்டு பண்ணி அனுப்பு, நாங்க இங்க பாத்துக்கிடுதோம்" என்று வீட்டிலிருந்து யோசனை சொல்லாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அடுத்தவர் பேச்சை அனுமதியில்லாமல் பதிவு செய்து பரப்புவது 2021ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி சிறைக்குப் போகக்கூடிய குற்றம். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் மாட்டிக்கொள்வது நாம்தான்.

14. இது கடை முதலாளிகளுக்கு. டெலிவரிப் பையனுக்குப் போன் வாங்கிக் கொடுக்கும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: லொகேஷன் காலை 9 முதல் மாலை 7 வரை, கால் பதிவு உண்டா இல்லையா, பார்ப்பது நான் மட்டும், மூன்று மாதத்தில் அழிப்பேன் என்று. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இணையத்தில் விற்கும் ஒளிந்திருக்கும் உளவு ஆப்களின் பக்கம் போகவே வேண்டாம். நீங்கள் அவனைப் பார்க்கிறீர்கள், அந்த ஆப் விற்றவன் உங்கள் இருவரையும் பார்க்கிறான். "போன் என் காசு" என்பது உண்மை. ஆனால் அதில் அவன் திறந்து வைத்திருக்கும் சொந்த மெயிலும் பேங்க் கணக்கும் உங்கள் காசில் வாங்கியதல்ல. அனுமதியில்லாமல் அதற்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம்.

ருமேனியாவில் பொக்டான் பர்புலெஸ்கு என்ற இன்ஜினியரை 2007ல் வேலையை விட்டு நீக்கினார்கள். ஆபீஸ் மெசஞ்சரில் சகோதரரோடும் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணோடும் பேசியதாக 45 பக்கம் அச்சடித்து நீட்டினார்கள். சொந்தப் பேச்சு கூடாது என்று ஆபீஸ் விதி இருந்தது உண்மை. ஆனால் இத்தனை ஆழமாகப் பார்ப்போம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால், 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பத்து வருஷ வழக்கு! முதல் நாள் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

15. தனியாக முட்டிக்கொள்ளாமல் சேர்ந்து கேளுங்கள். 2021ல் ஹரியானாவின் 'ஆஷா' சுகாதாரப் பணியாளர்கள், அரசு கொடுத்த போன்களில் 'எம்டிஎம் 360 ஷீல்டு' என்ற ஆப்பை ஏற்றச் சொன்னபோது கூட்டமாக மறுத்துப் போராடினார்கள். சுகாதார வேலைக்கு வந்த எங்களை நாள் முழுக்க ஏன் பின்தொடர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒருத்தி மட்டும் கேட்டிருந்தால் அது செய்தியாகியிருக்காது.

16. கேட்டும் பலனில்லை என்றால் போக வேண்டிய இடங்கள்: உளவு ஆப், படம் கசிவு, கணக்கில் நுழைந்தது போன்றவற்றுக்கு 1930 என்ற எண் அல்லது தேசிய சைபர் குற்றத் தளம்; பெண்களுக்கு 181; இலவச சட்ட ஆலோசனைக்கு 15100. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது ஸ்கிரீன்ஷாட்களைத் தேதி வரிசையில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். போனை மட்டும் நீட்டினால் தேடவே பாதி நாள் போய்விடும்.

17. வேலையை விடும்போது அவசரப்பட்டு ரீசெட் செய்யாதீர்கள். உங்கள் மெயில், யுபிஐ, வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வாருங்கள், சொந்தப் படங்களை நகலெடுங்கள், பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். கம்பெனித் தகவலைக் கம்பெனியே அழிக்கட்டும். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணையும், கீறல் இருந்தால் அதையும், ஒப்படைத்த தேதியையும் எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள். சிம்மைத் திருப்பிக் கொடுத்ததற்கும் அதே தாளில் ஒரு வரி. கையெழுத்துப் போடத் தயங்கினால் அங்கேயே நின்று போனையும் சிம்மையும் மேசைமேல் வைத்துப் படம் எடுத்து, "ஒப்படைத்துவிட்டேன்" என்று அவர்களுக்கே மெயில் அனுப்பிவிட்டு வாருங்கள்.